வண்டி நகரும்வரை சமோசா

விழுப்புரத்தில் சாயங்கால பாசஞ்சர் நகரும்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அன்றைக்கு அதுதான் சரி. நான்கு பெண்கள் சேர்ந்து போட்ட விதி இது. இன்னொரு விதியும் உண்டு. யாருடைய எழுத்து ஜெயிக்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். தோற்றவர் வாங்குவதுதானே முறை என்று நான் முதலில் கேட்டேன். சரியாக எழுதிய பெருமையும் வேண்டும், ஓசியில் தின்னவும் வேண்டுமா என்று நர்ஸ் அக்கா திருப்பிக் கேட்டார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். இன்வெர்ட்டர், யூபிஎஸ் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை. திண்டிவனத்துக் கிளையை மூடி விழுப்புரத்தோடு சேர்த்தபோது என்னையும் சேர்த்தே மாற்றினார்கள். திண்டிவனத்தில் மாடி அறைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்ததால் அறையை மாற்றவில்லை. அப்படித்தான் ரயிலில் போய்வரும் ஆளானேன். வேலை பெரும்பாலும் போனில். சுவிட்ச் போட்டிருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா, பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வேன். இரண்டை மாற்றினால் எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.

பெண்கள் பெட்டியில் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர்கள் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். நர்ஸ் அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் பல வருட சர்வீஸ். டீச்சர் நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுப்பவர். மூன்றாமவர் கோர்ட் வாசலில் மேஜை போட்டு மனு டைப் அடிப்பவர். அவரை எல்லோரும் டைப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். எந்தப் பெட்டியில் இடம் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்காக நர்ஸ் அக்கா தொடங்கிய குழு அது. ரயிலில் கூடைக்காரரிடம் வாங்கித் தின்பதுதான் எங்களை இணைக்கிறது என்று அதற்குச் 'சமூசா' எனப் பெயர் வைத்தார். மறுநாள் காலை டீச்சர் அதைச் 'சமோசா' என்று திருத்தினார், பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் திருத்துவதுபோல. மத்தியானத்துக்குள் டைப் அக்கா 'சம்சா' ஆக்கியிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சண்டைதான். பிறந்ததிலிருந்து தன் வாயில் வந்தது சமூசா, நடுவில் எவரும் வந்து மாற்ற முடியாது என்பது நர்ஸ் அக்காவின் கட்சி. அச்சில் வருவது சமோசா, பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே வேறொன்றை எழுத முடியாது என்பது டீச்சரின் கட்சி. டைப் அக்காவின் காரணம் வேறு. மோ அடிக்க மூன்று தட்டு வேண்டும், ம் என்றால் இரண்டு தட்டில் முடியும், விரல் தேய்வது யாருக்கு என்பார். ஒருநாள் நர்ஸ் அக்கா ஒரு சர்க்கரை நோயாளியின் சீட்டில் 'சமூசா கூடாது' என்று எழுதிக்கொடுத்ததைச் சொன்னார். அப்படியானால் அவர் சமோசாவைத் தாராளமாகத் தின்னலாம் என்றார் டீச்சர். எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்கூடச் சிரித்துவிட்டார். கூடைக்காரர் முண்டியம்பாக்கம் தாண்டி வருவார். அவர் 'சம்ஸே, சம்ஸே' என்று கூவுவது எங்கள் கட்சி எதிலும் சேராது. டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார்.

என்னிடமும் கேட்டார்கள். நான் சில நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை இருக்கிற டீக்கடைப் பலகைகளையெல்லாம் போட்டோ எடுத்து வந்து வரிசையாகப் படித்துக் காட்டினேன். சமோசா, சமோஸா, சமூசா, சமுசா, சம்சா, சம்ஸா. ஒரே பலகையின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் எழுதிய கடைகூட இருந்தது.

நர்ஸ் அக்கா போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? நீ எந்தக் கட்சி, அத்த சொல்லு" என்றார்.

எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன என்றேன்.

"அப்ப நீ நடுவரு. கட்சி இல்லாதவங்களுக்கு அந்த வேலதான்."

அப்படி எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சிக்னல் விழுந்து வண்டி அசையும்போது போனைப் பார்த்து அன்றைய பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். 'இன்னைக்கு சமூசா.' அதற்கு மேல் ஒருவரும் பெயரை மாற்றக் கூடாது. காலையில் அறையைப் பூட்டும்போது சில சமயம் அதை நினைத்துக்கொள்வேன். நாள் முழுக்க நான் பேசுவதெல்லாம் முகம் தெரியாதவர்களின் பாட்டரியைப் பற்றி. சாயங்காலம் ஒரே ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

திண்டிவனத்தில் இறங்கியதும் அது முடிந்துவிடும். ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு ஷேர் ஆட்டோ. டைப் அக்காவின் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. அவரும் என் அறையைக் கேட்டதில்லை. ரயிலுக்கு வெளியே பார்த்துக்கொள்ளும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. வர வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை.

முதலில் டீச்சருக்கு மாற்றல் வந்தது, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு. அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். கடைசி நாள் சாயங்காலம் பெயர் 'சமோசா' என்று இருந்தது. நர்ஸ் அக்கா கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மாற்றவில்லை. டைப் அக்காவும் மாற்றவில்லை. வண்டி நகர்ந்தது, நான் சொன்னேன், டீச்சர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பெயர் அப்படியே நின்றுவிட்டது. எரிச்சல்பட ஆள் இல்லாத இடத்தில் யாரை எதிர்த்து மாற்றுவது? பிறகு நர்ஸ் அக்கா கண்டமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். டைப் அக்கா ஒரு திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாயும் வரவில்லை, அப்புறம் நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நான் மட்டும் அதே வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். கூடைக்காரர் பழக்கத்தில் என் சீட்டருகே நின்று, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் கேட்கவும் இல்லை. ஒரு பொட்டலத்தில் ஐந்து இருக்கும். நான் இரண்டு தின்பேன். மீதி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நமுத்து, பேப்பரில் ஒட்டிக்கொள்ளும்.

போனில் அந்தக் குழு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பேங்க் மெசேஜ், ஆபீஸ் குழு, ஓடிபி, காஸ் சிலிண்டர் புக்கிங். அதைப் பார்க்கத் தேடிப்போக வேண்டியிருந்தது. ஏதாவது எழுதலாம் என்று நினைத்தேன். என்ன எழுதலாம் என்று மனதுக்குள் வரிசை போட்டேன். 'எல்லாரும் எப்படி இருக்கீங்க' என்றால் நல்லா இருக்கோம் என்று வரும், அதோடு சரி. பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்பினால் இன்னொரு படம் திரும்பி வரும். சும்மா கூப்பிட்டால், என்னம்மா விஷயம் என்பார்கள், எனக்கு விஷயம் இருக்காது. எதை அனுப்பினாலும் மரியாதைக்கு ஒரு பதில் கிடைக்கும். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா, இணைப்பு இன்னும் அறுந்துபோகாமல் இருக்கிறதா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

ஒரு சாயங்காலம் வண்டி விக்கிரவாண்டியில் நின்றிருந்தபோது, பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினேன். 'சமுசா.' மூன்று பேரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளாத எழுத்து. டீச்சருக்கு அது தப்பு. டைப் அக்காவுக்குத் தட்டு ஒன்றும் மிச்சமாகாது. நர்ஸ் அக்காவுக்குத் தன்னுடையதைக் குறைத்து எழுதியது. நான் அந்தப் பெயரில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

பேரணி ஸ்டேஷன் போயிற்று. மயிலம் போயிற்று. திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோ ஏறினேன். ஒன்றும் வரவில்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீச்சரின் கடைசி நாளில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவைத்த பெயர் அது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இருந்த ஒன்றையும் அழித்துவிட்டேனோ என்று இருந்தது. பழையபடி மாற்றிவிடலாம், ஆனால் மாற்றினால் அதுவும் எல்லோர் போனிலும் தெரியும். இவள் தனியாக உட்கார்ந்து இதையே நோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அப்படியே விட்டேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வண்டி ஏறினேன்.

காணை கிராமத்திலிருந்து ஒருவர் யூபிஎஸ் விடாமல் கத்துகிறது என்று மத்தியானம் கூப்பிட்டார். பின்பக்க ஒயரைக் கழற்றி மாட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது மேஜைமேல் இருந்த என் போன் ஒளிர்ந்தது. நர்ஸ் அக்கா குழுவின் பெயரைச் 'சமூசா' என்று மாற்றியிருந்தார். காணைக்காரர் சத்தம் நின்றுவிட்டது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து ஒரு குரல் பதிவு வந்தது. மாடிப்படியில் போய் நின்று கேட்டேன்.

"சமுசாவாம் சமுசா. நடுவரே கட்சி ஆரம்பிச்சா நாங்க எங்க போயி நியாயம் கேக்கறது? டூட்டில ஊசி போட்டுக்கினு இருக்கறவள இப்டி பேஜாரு பண்றியே, இன்ஜினியரு."

நான் பதில் எழுதுவதற்குள் பெயர் 'சம்சா' ஆனது. டைப் அக்கா. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'கண் ஆபரேஷன் ஆச்சு. போனே பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. இதான் மொத தட்டு.'

அதை நின்றபடியே பலமுறை படித்தேன். அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது, நான் இருக்கும் அதே ஊரில். நான் அங்கேதான் தினமும் இறங்கி ஆட்டோ ஏறிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பிளாட்பாரத்துக்குள் நான் போவதற்குள் பெயர் இரண்டு முறை மாறியிருந்தது. வண்டி அசைந்தபோது 'சம்சா' என்று இருந்தது. உரக்கச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? 'இன்னைக்கு சம்சா' என்று எழுதினேன். அநியாயம் என்றார் நர்ஸ் அக்கா. கூடைக்காரர் வரும்போது என் பேர்ல வாங்கி நீயே துன்னு என்று டைப் அக்கா எழுதினார். வாங்கித் தின்றேன். எண்ணெய் பட்ட விரலை அன்று பேப்பரில் துடைக்க மறந்து போனைத் தொட்டிருக்கிறேன், திரை முழுக்க மங்கல்.

பேரணி தாண்டி, கரும்பு வயல்கள் இருட்டத் தொடங்கியபோது, அந்த மங்கலுக்குள் பெயர் மறுபடியும் மாறியது. 'சமோசா.' டீச்சர்.

அத்தனை நாளும் ஒரு சத்தமும் இல்லாதவர். எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் அது மிகை. திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் நான் நடுவர். வண்டி நகர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. விதி விதிதான் என்று, 'வண்டி கெளம்பிடுச்சு டீச்சர். செல்லாது' என்று எழுதினேன்.

அவர் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மயிலத்தில் வண்டி நின்றபோது வந்தது.

'எனக்கு எப்படிம்மா தெரியும்? இங்கேருந்து பார்த்தா வண்டி தெரியலியே.'

இதை நான் யோசித்திருக்கவில்லை. வண்டி நகரும் வரை என்று விதி போட்டபோது நாங்கள் நான்கு பேரும் வண்டிக்குள் இருந்தோம். இப்போது அது நின்றதும் கிளம்பியதும் எனக்கு மட்டும்தான் தெரியும். திண்டிவனம் வரை என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். இறங்கிய பிறகும் எழுதவில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினேன். வண்டி பிளாட்பாரத்தில் காலியாக நின்றிருந்தது. பழைய இடத்திலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழுவில் எழுதினேன்: 'வண்டி நிக்குது. இன்னும் கெளம்பல.'

பெயர் மாறியது. உடனே இன்னொரு தரம் மாறியது. யார் யாரை எதிர்த்து மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றார். என் பையையும் எதிரே காலியாக இருந்த சீட்டையும் பார்த்தார்.

"ஆள் வராங்களாக்கா?"

"இல்லம்மா, ஒக்காருங்க" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 'சிக்னல் விழுந்துடுச்சு, ஜல்தி' என்று எழுதி அனுப்பினேன்.