பாரத்தின் நடுவில் ஒரு பழத்தார்

வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு நிலம் எங்களிடம் குத்தகைக்கு இருந்தது. குத்தகைக்காரனை லேசில் வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்திருந்த காலம். சட்டம் தஞ்சாவூரில் இருந்தது. நிலம் அதன் சொந்தக்காரரான பெரிய வீட்டு ஐயாவின் வாசலுக்கு எதிரே இருந்தது.

நான் நெல்லை விட்டு மொந்தன் வாழை போட்டேன். கூத்தாநல்லூரில் ஒரு பாய், பச்சைக் காயைச் சீவிக் காயவைத்து, மாவாக அரைத்து வளைகுடாவுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே கைக்குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார்களாம்.

ஐயா ஊர்க்கூட்டத்தில் என்னை நிறுத்தினார். “நெல்லு வெளையிற மண்ணுல வாழையாடா? துபாய்க்காரன் ஒன் காய்க்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறானா? முதல் வெட்ட வித்துக் காட்டு. முடியலன்னா நெலத்த எழுதிக் குடுத்துட்டுப் போயிடு.”

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. தலையை எப்படியோ ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதல் தாரைப் பழுக்கவைத்துச் சாமிக்குக் காட்டி, அதைப் பாரத்தின் நடுவில் வைத்துத்தான் வண்டி கட்டுவோம். வாங்குகிறவர் வாய் இனிக்க வேண்டும் என்பது கணக்கு. என் மனைவியும் அப்படியே வைத்தாள். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கூத்தாநல்லூர்.

வாய்க்கால் மதகின் மேல் ஐயாவின் டிராக்டர் ஒரு சக்கரம் கழற்றப்பட்டுக் குறுக்கே நின்றது. வண்டி போக வேறு தடம் இல்லை. ஐயா குடையோடு வந்தார்.

“அச்சு முறிஞ்சிடுச்சு. காய்தானே, ஓடியா போயிடப் போவுது? பொறு.”

இரண்டு நாள் பொறுத்தோம். வெயிலுக்குப் பயந்து தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அதே சக்கரத்தை மாட்டினார்கள். டிராக்டர் ஒரே இழுப்பில் கிளம்பிப் போனது.

ஆலை வாசலில் பாய் தார்ப்பாயை விலக்கினார். உள்ளேயிருந்து இனிப்பு வாடை அடித்தது. நடுவில் பழத்தார். அதைச் சுற்றிக் காய்களெல்லாம் மஞ்சள் கண்டிருந்தன. ஒன்றை ஒடித்து விரலால் நசுக்கினார்.

“என்ன தம்பி, பழத்த உள்ள வச்சு மூடினா காய் அத்தனையும் பழுத்துடுமே. பழுத்தத அரைச்சா மாவு கட்டி தட்டும், கறுத்துப் போவும். அந்தப் பக்கம் எறக்கவே மாட்டான்.”

“உங்களுக்குத்தான் வச்சோம், பாய்” என்றாள் கூடவே வந்திருந்த என் மனைவி.

அவர் ஒரு பழத்தை உரித்துத் தின்றார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

ஊரில் யாரும் விலை கேட்கவில்லை. பழங்களை ஐயாவின் மாடுகள் தின்றன. நிலத்தை எழுதி வாங்கும்போது டிராக்டரைப் பற்றி அங்கிருந்த ஒருவரும் பேசவில்லை. காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் அதே நிலத்தில் ஐயா மொந்தன் போட்டார். வெட்டுக்கு நாங்கள் கூலிக்குப் போனோம். தார்களைச் சுமந்து பாயின் லாரியில் ஏற்றி முடித்ததும் ஐயா என் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நடுவுல பழத்தார் வைக்கலியா?”

லாரியின் மேல் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் சும்மாட்டை உதறி மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, மிச்சம் கிடந்த ஒரு தாரை எடுக்கப் போனாள்.