மூன்று வார்த்தை அஞ்சலட்டை

எங்கள் கம்பெனி கேட்லாக்கின் முதல் பக்கத்தில் நிறுவன வரலாறு என்று அரைப் பக்கம் உண்டு. முதல் இழுவைக் கருவி ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளான் வரை வெள்ளோட்டம் விடப்பட்டது என்று அதில் ஒரு வரி வரும். வாசிக்கிறவர்கள், அப்பா வரைபடம் போட்டுத் திட்டம் தீட்டி அந்த வெள்ளோட்டத்தை நடத்தினார் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த வரியை எழுதியவள் நான். அந்த வெள்ளோட்டத்துக்குக் காரணமும் நான்தான். அதையெல்லாம் கேட்லாக்கில் போட முடியுமா என்ன?

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. அப்பா ரயில்வே பட்டறையில் பாரம் தூக்கும் கிரேன்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அந்தக் காலத்தில் ரோட்டில் கார் நின்றுபோனால், லோரிக்குப் பின்னால் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பாதி வழியில் கயிறு அறுந்து கார் சாக்கடையில் இறங்குவது சர்வசாதாரணம். காரின் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கிற முறையான லோரி வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சாமான்தான். ரயில் பெட்டியையே நாம் தூக்குகிறோம், ஒரு காரைத் தூக்க வெள்ளைக்காரனா வர வேண்டும் என்று அப்பாவுக்கு ரோஷம். ரோஷம் முற்றி வேலையை விட்டார். வேலையோடு குவார்ட்டர்ஸும் போயிற்று.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தோம். முன்னால் பட்டறை, பின்னால் குடித்தனம். வெல்டிங் வேலைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா. ஆறு மாதம் இருவரும் சேர்ந்து ஒரு பழைய லோரியின் முதுகில் இரும்புக் கை ஒன்றை நிமிர்த்தி, அதில் கம்பி வடமும் கொக்கியும் தொங்கவிட்டார்கள். துணி காயப்போட நல்ல வசதி என்று அம்மா அதில் ஒருநாள் சேலையை விரித்துவிட, அப்பா அதை உருவிப் போட்டுவிட்டு அன்று முழுக்க வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பாதான் பெரிய தொல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க். ஞாயிறு தோறும் வந்து, பட்டறைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாட்டு பாடுவார்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பென்ஷன் வேலைடா அது. உங்க ஃபோர்மேன்கிட்ட நான் பேசிட்டேன். மாசக் கடைசி வரைக்கும் உன் எடத்த வச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள ஒரு ஆர்டர் வந்தா பாரு. வரலேன்னா மூடிட்டு கெளம்பு லா."

அப்பா தலையாட்டினார். அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கொட்டகை நிலைக்குமா, அப்பா மறுபடியும் ரயில்வே பட்டறையின் சங்குச் சத்தத்துக்கு ஓட வேண்டுமா என்பது அந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும்.

ஆர்டர் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் கிள்ளானில் இருந்தார். பெரிய கார் பட்டறை வைத்திருந்த ஒரு மலாய்க்காரர். எல்லாரும் ஹாஜி என்று கூப்பிடுவார்கள். "சனிக்கிழமை வாக்கில் வந்து பார்க்கிறேன். நிச்சயமானதும் ஒரு வரி எழுதிப் போடு, இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வரியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன். எங்கள் குடும்பத்திலேயே மலாய்ப் பள்ளியில் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பாசார் மலாய் என்கிற சந்தைப் பேச்சு. அதை வைத்து மீன் வாங்கலாம், கடிதம் எழுத முடியாது. எனக்கிருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை கொடுக்கத் தோன்றுகிறது.

"தந்தி மாதிரி சுருக்கமா எழுதும்மா. சனிக்கிழமை டெஸ்ட்டு, கார இழுத்துக் காட்றோம். அவ்வளவுதான்" என்றார் அப்பா. ரயில்வேயில் இருந்தவருக்கு வார்த்தையை வீணாக்குவது பிடிக்காது. "இழுக்குறதுக்கு தாரேக்னு போட்ரு."

"ஐயோ அப்பா! தாரேக் டீ ஆத்துறதுக்குச் சொல்றது. லெட்டர்ல அப்படியா எழுதுவாங்க?"

பள்ளி அகராதியை எடுத்து இழுப்பதற்கு வேறு வார்த்தை தேடினேன். கிடைத்தது: துண்டா. என்ன கம்பீரமான வார்த்தை! அஞ்சலட்டையில் வளைத்து வளைத்து, ஆசிரியையிடம் நட்சத்திரம் வாங்கிய என் கையெழுத்தில் எழுதினேன். உஜியான் சப்து துண்டா. டெஸ்ட், சனிக்கிழமை, இழுப்பு. மூன்றே வார்த்தை. எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தும் காட்டினேன்.

"என்னடி துண்டா? நல்ல காரியத்துக்கு எழுதறப்ப துண்டா துண்டான்னுக்கிட்டு" என்று அம்மா முகம் சுளித்தாள்.

"அது மலாய்மா. உங்களுக்குப் புரியாது."

அன்றே அப்பா அட்டையைத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த சிக்கல், தூக்குவதற்கு ஒரு கார். நன்றாக ஓடுகிற காரைக் கொக்கியில் மாட்ட எவன் கொடுப்பான்? அபசகுனம் என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு நழுவினார்கள். கடைசியில் பெரியப்பாவே தன் காரைக் கொடுக்க முன்வந்தார். தம்பி தோற்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் என்று மாமா முணுமுணுத்தார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் உண்டு. பெரியப்பா காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை அம்மா லோரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். ஹாஜி நம் வீட்டில் கை நனைப்பாரோ மாட்டாரோ என்று, மலாய் ஆன்டி கடையிலிருந்து பலகாரம் வாங்கி மூடி வைத்திருந்தாள். பத்து மணிக்கு மாமா விசையைச் சுழற்றினார். வடம் இறுகியது. பெரியப்பாவின் கார் முன்னங்கால் தூக்கிய குதிரை மாதிரி எழும்பி நின்றது. அப்பா வாசலைப் பார்த்தார்.

பதினோரு மணி. ஹாஜி வரவில்லை. பதினொன்றரை. தூரத்தில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பன்னிரண்டுக்குப் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வர்ற ஆளா இருந்தா வந்திருப்பாரு. நான் அப்பவே சொன்னேன்ல? கார எறக்கு."

அப்பா கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு என் வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா தன் அண்ணனை எதிர்த்துப் பேசியதைக் கேட்டேன்.

"எறக்க வேணாம்ண்ணே. அவர் வரலேன்னா நாம போவோம். இப்படியே."

"இப்படியேன்னா? கிள்ளானுக்கா? என் கார தொங்கவிட்டுக்கிட்டா?"

"ஆமாண்ணே."

பெரியப்பா குதித்தார், கத்தினார், கடைசியில் தன் காரை அனாதையாக அனுப்ப மாட்டேன் என்று அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். மாமா லோரியை ஓட்ட, அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். ஹாஜி பேசும் மலாய் புரியாமல் போனால் நான் வேண்டுமாம்.

வழியெல்லாம் அப்பா பின்னால் திரும்பி வடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மல்லாந்த காருக்குள் வானத்தைப் பார்த்தபடி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீற்றிருந்தார். பெட்டாலிங் ஜெயாவை நெருங்கும்போது ஆபீஸ் விடும் நேரம். பெரியப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்தார். பலிக்கவில்லை. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் காரோடு ஒட்டி வந்து, உள்ளே குனிந்து பார்த்து, "சார், காய்ச்சல் தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா சிரித்த சிரிப்பில் லோரியே ஆடியது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கிள்ளானில் ஹாஜி தொழுகை முடிந்து வந்து பட்டறை வாசலில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் புருவம் ஏறியது. அப்பாவிடம் ஏதோ கேட்டார், லோரியைச் சுற்றி வந்தார், வடத்தைத் தட்டிப் பார்த்தார், கீழே படுத்தே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினார். என் அஞ்சலட்டை! நான் லோரியிலிருந்து குதித்து ஓடினேன். அருகே போவதற்குள் அவர் அப்பாவிடம் எதையோ விளக்கி முடித்துவிட்டு, "சியாப்பா துலிஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று.

என் கையெழுத்தைத்தான் மெச்சுகிறார்! நான் ஓரடி முன்னால் வைத்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து, மெல்ல என்னைத் தனக்குப் பின்னால் தள்ளியது.

"சாயா, ஹாஜி" என்றார் அப்பா. நான்தான், ஹாஜி.

ஹாஜி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து அப்பாவின் முதுகில் தட்டினார். கொட்டகைக்கு வந்திருந்தால் ஒரு கார் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பேன், அது யாராலும் முடியும், இத்தனை மைல் இழுத்துக்கொண்டு வந்து காட்டினாயே என்றார். இரண்டு லோரிக்குச் செய்து தரச் சொன்னார். காரிலிருந்து இறங்கிய பெரியப்பா, தன் ஆசீர்வாதம்தான் என்கிற மாதிரி டையைச் சரிசெய்துகொண்டார். அந்த மாசக் கடைசிக்குப் பிறகு ஃபோர்மேன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பதினைந்து வயதில் படிவம் மூன்று படிக்கும்போது, ஒரு மழை நாளில், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் விளையாட்டுப் போட்டி துண்டா என்று எழுதியிருந்தது. எதை இழுக்கப் போகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டேன். தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றாள். அகராதியில் முதல் அர்த்தத்தோடு நின்றுவிட்டவள் நான். அடுத்த வரிக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். சனிக்கிழமை டெஸ்ட் தள்ளிவைக்கப்பட்டது. அதுதான் ஹாஜிக்கு நான் எழுதியது. மழையில் நனைந்துகொண்டே அந்தப் பலகைக்கு முன் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

ஆனால் அன்று கிள்ளானில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? என் கையெழுத்தை அப்பா தன்னுடையது என்று சொல்லிவிட்டார், நட்சத்திரம் வாங்கிய கையெழுத்தை! திரும்பும் வழியில் மாமா ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தபோது அழுதேன். அப்பா குனிந்து என்ன என்று கேட்டார்.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க. எழுதினது நானு."

அப்பா என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"ஆமாம்மா. தப்புதான். மன்னிச்சுக்க."

இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நானும் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.