எழுத்துக்கு மேலே இருந்த முகம்

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வாசலில் நின்ற நரைத்த ஆங்கிலேயரைச் சாரதி என்று நினைத்து, காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டேன். மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

கூட வேலை செய்யும் மாலா ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, அவர்தான் தயாரிப்பாளர்! முந்திப் பெரிய நடிகராம். உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அவர் நடித்த தொடரின் பெயரைச் சொன்னாள். இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து ஸ்கீவ நகரில் இருந்த புதிதில் நானும் கணவரும் ஒரு கிழமையும் தவறவிடாத தொடர் அது. பேச்சு ஆங்கிலம்; படத்துக்கு அடியில் டேனிஷ் எழுத்து ஓடும். கணவர் அதை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். நான் திருப்பிச் சொல்லுவேன். அப்படித்தான் டேனிஷ் படித்தோம். நடிகரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எங்களுக்கு ஏது நேரம்?

தெரிந்த ஆங்கிலத்தில் இதை அவரிடமே சொன்னேன்.

"அப்படியானால் நான் நடித்ததை நீங்கள் பார்க்கவேயில்லை!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நடிப்பை விட்டு வெகுகாலம் என்றவர், தொப்பியைக் கழற்றினார். அந்தத் தொடரில் கிராமத்து மருத்துவராக, கிழமைதோறும் மனைவியிடம் சொல்லும் வசனத்தை எனக்காகச் சொன்னார்: "தேநீரை ஊற்றி வை, இதோ வந்துவிடுகிறேன்."

இம்முறை முகத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். நல்ல முகம். ஆனால் அந்த ஆங்கிலத்துக்கு அடியில், போன வருடம் காலமான என் கணவர் அதை டேனிஷில் தட்டுத்தடுமாறி வாசிப்பதுதான் எனக்குக் கேட்டது.