மூன்று பாட்டில் வேதமாணிக்கம் சார்

தொண்டிக்கு எந்தச் செய்தியும் பஸ் கூரையிலிருந்துதான் இறங்கும். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, ராமநாதபுரம் பஸ்ஸின் மேலிருந்து நயினார்கோவில் பக்கத்து முட்டைக் கூடைகளை இறக்கிக் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் என் அய்யாவிடம் சொன்னார்: "ஒங்க சீல் சாரு போயிட்டாரு அண்ணாச்சி. நேத்துச் சாயங்காலம் நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கல."

அய்யா கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "ரிப்போர்ட்டு வந்துச்சாமா?" என்று கேட்டார். கேட்ட மறுகணமே, கேட்டிருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கும் முதலில் வாயில் வந்தது அதுதான். அழுகை பிறகுதான் வந்தது. அதுவும் எரிச்சலோடு கலந்தே வந்தது. ஏழு மாதம் ஒரு குடும்பத்தைப் பதிலுக்குக் காக்க வைத்துவிட்டு, பதில் சொல்லாமலே போவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டிருந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்.

நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுத என்னைத்தான் கேட்டார்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம் சார் பாலைப் பிடித்துப் பாட்டிலில் அடைக்காத டீக்கடை இந்த ஊரில் இல்லை. எண்ணெய்க் கடைக்காரர்கள் அவர் சைக்கிள் மணி கேட்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் எப்போதும் மூன்று காலி பாட்டில், நூல்கண்டு, மெழுகுவத்தி, அரக்குக் குச்சி, பித்தளை முத்திரை. முன்னால் சார். சாருக்கும் முன்னால், இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றிய மீசை. மீசை திருப்பத்தில் தெரிந்த பிறகு சைக்கிள் தெரியும் என்பார்கள். சீல் வைப்பதால் சீல் சார். சீலத்துக்கும் குறைவில்லாதவர் என்பதுதான் எங்கள் கஷ்டமே. ஒரு டீயாவது வாங்கிக் குடிப்பவராக இருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

எங்கள் முட்டைக் கடைக்கு அவர் முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு முட்டை எடுத்து வைக்கச் சொன்னார். சட்டப்படி எந்த உணவுப் பொருளையும் மூன்று சம பங்காகப் பிரித்து, மூன்று பாட்டிலில் அடைத்து, சீல் வைக்க வேண்டும். ஒன்று மெட்ராஸில் பரிசோதனைக்கு. ஒன்று அவரிடம். ஒன்று கடைக்காரரிடம்.

"முட்டைய எப்படி சார் மூணா பிரிப்பீக?" என்றார் அய்யா.

"ஒடச்சு, அடிச்சுக் கலக்கி."

"அடிச்சுக் கலக்கிட்டா நல்லதும் கெட்டதும் ஒண்ணாயிருமே சார். ஆறுல ஒண்ணு கூமுட்டையா இருந்தா ஆறும் நாறுமே."

சார் யோசித்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்தார். பாலைப் பற்றி இருந்தது, நெய்யைப் பற்றி இருந்தது, உடையாத முட்டையை எப்படிப் பங்கு போடுவது என்று எங்கும் இல்லை. "நீங்க கேக்குறது நியாயமான கேள்வி. எழுதிக் கேக்குறேன்," என்றார். அப்புறம் ஆறையும் உடைத்து, அடித்து, மூன்று பாட்டிலில் ஊற்றினார்.

"முட்டையில யாரு சார் கலப்படம் பண்ணப் போறா? கோழியா?" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

"கோழி மேல எனக்குச் சந்தேகம் இல்ல. யாரு மேலயும் சந்தேகம் இல்ல. ஆனா யாரையும் நம்புறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் சார், அரக்கை உருக்கிக்கொண்டே. அய்யா ஒரு முட்டையை மூக்கருகே கொண்டுபோனாலே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். அதைச் சொன்னதற்கும் பதில் வைத்திருந்தார்: "மூக்கு கோர்ட்டுல சாட்சி சொல்லாது. பாட்டில் சொல்லும்." அந்த முறை மெட்ராஸ் போன பாட்டில் மூன்றே வாரத்தில் நல்லதென்று சாட்சி சொல்லிவிட்டது. அதனால்தான் அடுத்த முறை எடுத்த பாட்டிலும் சொல்லிவிடும் என்று நம்பி மோசம் போனோம்.

கடையின் உள் அறையில் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கி, பிஸ்கட் டின்னில் துளை போட்டு, உள்ளே விளக்கை வைத்து முட்டைகளைப் பார்க்க அய்யாவுக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தால் உள்ளே கறுப்புப் புள்ளியோ, ரத்தக் கோடோ, ஓட்டில் மயிர்க்கீறலோ தெரிந்துவிடும். கிராமத்திலிருந்து முட்டை கொண்டுவரும் பெண்கள் படுதாவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். சார் ஏதோ குறி பார்க்கிறார் என்று நினைத்த ஒருத்தி, "அய்யா சாமி, இது பொட்டையா சேவலான்னு பாத்துச் சொல்லுங்க. சேவலுன்னா வித்துட்டுப் போறேன், பொட்டைன்னா அடைக்கு வச்சுக்கிறேன்," என்றாள். சார் சிரிக்கவில்லை. "அது என் அதிகாரத்துல வராதும்மா," என்றார்.

மெட்ராஸில் முட்டைகளை இப்படிப் பார்த்து, நிறுத்து, தரம் பிரித்து, ஓட்டின் மேலேயே முத்திரை குத்தி விற்கிறார்கள் என்றும் அன்றுதான் சொன்னார். அதற்கென்று தனிச் சட்டமாம். தொண்டிக்கு அந்த முத்திரை எப்போது வரும் என்று கேட்டேன். "நாளாகும்." "நாளானா முட்டை குஞ்சாயிருமே சார்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுவாரம் அய்யா முட்டை பிடிக்க வெளியூர் போயிருந்தார். கடையில் நான். கையில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சர்க்கரைவள்ளியில் சர்க்கார் முத்திரை செய்தால் என்ன என்று தோன்றியது. பாதியாக வெட்டி, பேனாக் கத்தியால் முறுக்கு மீசை ஒன்றைச் செதுக்கி, அதன் கீழே 'பாஸ்' என்றும் செதுக்கி, பள்ளிக்கூட மையில் தோய்த்துக் குத்தினேன். முதல் முட்டையில் சார் அப்படியே வந்து உட்கார்ந்தார். கை நிற்கவில்லை. மரைக்காயர் வீட்டுக் கல்யாணத்துக்கு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பம் செய்ய எடுத்து வைத்திருந்த கூடை முழுவதும் மீசை முளைத்துவிட்டது. மாலையில் கல்யாண வீட்டு ஆள் வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அங்கே வட்டலப்பத்துக்குப் பொறுப்பு ஆமினா ராத்தா, ஊருக்கே அக்கா. மறுநாள் அய்யா அனுப்பிய இரண்டாவது கூடையை அவர் திருப்பி அனுப்பினார். பின்னாலேயே குடையோடு அவரும் வந்தார்.

"ஏன் அண்ணே, நேத்து சர்க்கார் சீல் போட்ட முட்டை, இன்னைக்கி சீல் இல்லாத முட்டையா? நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

"என்ன சீலு ராத்தா?" என்று அய்யா விழித்தார்.

நான் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன். அதற்குள் ராத்தா தெருவில் சார் சைக்கிளைப் பார்த்துவிட்டார். "சாரு, ஒங்க மீசையவே போட்டுக் குடுத்திருக்கிய. இனி இந்த ஊர்ல நம்பி முட்டை திங்கலாம். அல்லா ஒங்களுக்கு ஆயுச நெறையக் குடுப்பான்."

சார் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

கல்யாண வீட்டுக் கூடை கடைக்குத் திரும்பி வந்தது. சார் ஒரு முட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்தார். அய்யாவும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றேன்.

"வயசு?"

"பதினாறு."

"அப்ப சட்டத்துல ஒனக்கு எடமில்ல. கடைக்குப் பொறுப்பு ஒங்கய்யா."

அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சர்க்கார் முத்திரையில் மீசை கிடையாது, ஆகவே இது சர்க்கார் முத்திரையைப் போலச் செய்த குற்றம் ஆகாது என்று முதலில் முடிவு செய்தார். அய்யாவுக்கு மூச்சு வந்தது. "ஆனா 'பாஸ்'னு போட்டிருக்கு. அது பொய்யான தகவல். யாரு பாஸ் பண்ணது?"

"நான்தான் சார் பாஸ் பண்ணேன்."

"நீ எஸ்.எஸ்.எல்.சி.யே இன்னும் பாஸ் பண்ணல."

பிறகு படுதாவுக்குள் உட்கார்ந்து அத்தனை முட்டையையும் ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. இரண்டில் மட்டும் கீறல். மற்றதெல்லாம் நல்ல முட்டை என்று அவரே சொன்னார்.

"அப்ப விட்ருங்க சார். சின்னப்புள்ள வெளையாட்டு," என்று அய்யா கை கூப்பினார்.

"நல்ல முட்டைன்னு நான் சொன்னாப் போதாது முத்திருளப்பன். பாட்டில் சொல்லணும்."

மறுபடியும் ஆறு முட்டை, மூன்று பாட்டில், கெடாமல் இருக்க மூக்கைக் கடிக்கும் மருந்து சில சொட்டு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான்கு சீல். ஒரு சீலில் சின்னக் குமிழ் விட்டது என்று அதைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தார். பரிசோதனை முடிவு வரும்வரை எங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதினார். மார்ச் கடைசியோடு லைசென்ஸ் முடிகிறது. கடை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. மீசைகளையெல்லாம் நான் கழுவித் தீர்த்தேன். கழுவிய முட்டை தாங்காது என்று ராத்தா அன்றே எல்லாவற்றையும் உடைத்து வட்டலப்பம் செய்தார். சாருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார். "ஆய்வு நடந்த எடத்துல நான் சாப்பிடுறதில்ல," என்று அவர் போய்விட்டார். அவர் பங்கை நான் சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் பாட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் ஏறியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அதற்கும் சேர்த்துக் கிடைத்தது. சார் மாதாமாதம் வந்து பூதக்கண்ணாடியை வைத்துச் சீல்களைப் பார்ப்பார். "ரிப்போர்ட்டு சார்?" என்பார் அய்யா. "எழுதிக் கேட்டிருக்கேன்," என்பார் சார். கார்த்திகை போனது, தை போனது. கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு மாரியூரில் மாமா வீட்டோடு போய் இருக்கலாமா என்று அய்யா அம்மாவிடம் பேசுவதை ஒருநாள் கேட்டேன். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலை உடைக்கத்தான் எடுத்தேன். உடைக்கத் துணிச்சல் வரவில்லை. லேபிளில் சார் கையெழுத்துக்கு மேலே பேனாவால் ஒரு மீசையை வரைந்து திருப்பி வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் அவர் வந்தார். அதுதான் கடைசி வரவு என்று யாருக்குத் தெரியும். பாட்டிலை எடுத்தார், பார்த்தார். அய்யா எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே முட்டைக் கூடைமேல் சாய்ந்தார். இரண்டு முட்டை உடைந்தது.

சார் திட்டவில்லை. பேனாவைத் திறந்து லேபிளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ எழுதினார். தேதி, மணி, கையெழுத்து. அய்யாவையும் பக்கத்து டீக்கடைக்காரரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கோவம் வரலையா சார்?"

"வந்துச்சு. கோவத்துக்கு இந்தப் பாரத்துல கட்டம் இல்ல." பெட்டியைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது, "எடது பக்கம் கொஞ்சம் எறங்கிருக்கு," என்றார். மீசையைத்தான் சொன்னார்.

சாவுச் செய்தி வந்த பத்தாம் நாள், பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அய்யாவும் நானும் ராமநாதபுரம் போனோம். வழி நெடுகப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அய்யா பாட்டிலை அணைத்துக்கொண்டார். ஆபீஸில் கிளார்க் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: மெட்ராஸுக்கு அனுப்பிய பாட்டில் வழியில் உடைந்துவிட்டது. அதை அங்கே யாரும் தெரிவிக்கவில்லை, சார் ஐந்து கடிதம் போட்ட பிறகே பதில் வந்தது, அதுவும் அவர் போன பிறகு. சாரின் பீரோவில் இருந்த பாட்டில் வெயில் சூட்டில் வெடித்துவிட்டது. "பாக்கி ஒங்க பாட்டில் ஒண்ணுதான். சீல் சரியா இருந்தா அத அனுப்பலாம். இல்லன்னா கேஸ் தீராது, லைசென்சும் கெடையாது."

அய்யா துண்டைப் பிரித்து வைத்தார். கிளார்க் குனிந்தார்.

"லேபிள்ல மீசை போட்டு வச்சிருக்கீக. இது செல்லாது. எடுத்துட்டுப் போங்க."

அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. நான் விரலால் லேபிளின் ஓரத்தைக் காட்டினேன். கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்:

"இம்மீசை பின்னர் சேர்ந்தது. ஆய்வாளரால் வரையப்பட்டதன்று. முத்திரைகள் நான்கும் பழுதின்றி உள்ளன. நானே பார்த்தேன். வேதமாணிக்கம்."

இரண்டாம் முறை மனதுக்குள் வாசித்தார். சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பாட்டில் இல்லை, ரசீதுப் புத்தகம் இருந்தது. "சட்டப்படி சரியா இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் கடை நடக்கலாம்னு உத்தரவு," என்றார். சரியாக இல்லாமல் எப்படிப் போகும்? அந்த மனிதர் ஒரு குமிழுக்காக அரக்கைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தவர்.

திரும்பும் பஸ்ஸில் அய்யா ரசீதை மடித்து மடியில் செருகிக்கொண்டார். தேவிபட்டினம் தாண்டிய பிறகு, "ஒரு வா வட்டலப்பமாச்சும் தின்னுட்டுப் போயிருக்கலாம் அந்த மனுசன்," என்றார்.

எனக்கும் அதே எரிச்சல்தான், இன்னும் தீரவில்லை. அவர் எதையும் எங்களுக்காகச் செய்யவில்லை. எனக்காக ஒரு பொய் சொல்லவில்லை, எனக்கு எதிராகவும் ஒரு பொய் சொல்லவில்லை. நன்றி சொல்லக் கூட இடம் வைக்காமல் போய்விட்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ரசீதுதான். அய்யாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கிளார்க் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதிக் கொடுத்தது: "பாட்டில் ஒன்று. அரக்கு முத்திரை நான்கு, பழுதில்லை. மீசை ஒன்று, சான்று பெற்றது."