தொட்டியில் வளர்ந்த சேம்பு

ஆண்டர்சன்பேட்டையில், கால்நடை மருத்துவரிடம் என் பூனையோடு காத்திருந்தபோது நாயோடு வந்த ஒருவரைப் பார்த்தேன். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர் போலும்; கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. மடியில் கிடந்த நாயின் வாய் வீங்கி எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைத் தன் சட்டை நுனியாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

“கூடப் பொறந்த அண்ணன்தாங்க விஷம் வெச்சிட்டாரு. பக்கத்து வீடு. நாய் கத்துதுன்னு தினம் சண்டை” என்றார் என்னிடம்.

மருத்துவர் நாயின் பல்லிடுக்கிலிருந்து ஒரு பச்சைத் துணுக்கை எடுத்தார். “வீட்டுல தண்ணிச் செடி எதுனா வெச்சிருக்கீங்களா?”

“அழகுக்கு ஒரு தொட்டி கீது சார். அல்லியும் சேம்பும் விட்டிருக்கேன்.”

“அல்லியால ஒண்ணும் ஆகாது. சேம்ப கடிச்சா நாய்க்கு வாயெல்லாம் எரிஞ்சு வீங்கிடும். இது பொழச்சுக்கும். அந்தச் செடிய மொதல்ல எடுத்துடுங்க.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாய்க்காரரின் முகம் மட்டும் இருண்டுவிட்டது.

“காலையில அண்ணன் வாசல்ல நின்னு தெருவே கேக்கத் திட்டிட்டேங்க. அவரு தலைய குனிஞ்சுக்கினு உள்ள போயிட்டாரு. இப்ப இன்னான்னு போய்ச் சொல்றது?”

ஊசி போட்ட பிறகும் அவர், நாயை அணைத்தபடி வெகுநேரம் மருத்துவமனைப் படியிலேயே நின்றார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்களா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.