ஹார்ன் அடித்தால் முகம் காட்ட வேண்டும்

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த ஹார்ன் கேட்டால் மட்டக்கடைத் தெருவில் மூன்று ஜன்னல்கள் திறக்கும். பள்ளிக்கூடம் பூட்டி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சுடலைக்கண்ணனின் பள்ளிக்கூட வேனில் இப்போது சீட்டுக்குச் சீட்டு தக்காளியும் கத்தரிக்காயும் உட்கார்ந்து வருகின்றன.

ஊரடங்கில் காய் விற்கிறவர், நாலு பேர் வாங்குகிற தெருவாகப் பார்த்துப் போகவேண்டாமா? இந்த மனுஷர் பிள்ளைகளை ஏற்றிய அதே வழியில்தான் போவார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஹார்ன். பிள்ளை ஜன்னலில் முகம் காட்ட வேண்டும். "ஏலே, முடி வெட்டத்தான் ஆளில்ல, சீப்புமா இல்ல?" என்பார். "ஏளா, பல்லு வெளக்குனியா?" என்பார். பிள்ளை சிரித்தால்தான் வண்டி நகரும். "முருங்கக்காய நிறுக்கச் சொன்னா மாடியவே பாக்காரு" என்று பெண்கள் சடைத்துக்கொள்வார்கள்.

போன வருஷம் அவர் இப்படியில்லை. பதினொன்றாம் வகுப்பு பெவின் எட்டு நாள் ஜன்னலுக்கு வரவில்லை. "ஒறங்குதான் அண்ணாச்சி, ராத்திரி பூரா போனு" என்றாள் அவன் அம்மா. உறங்கட்டும், பாவம் என்று ஹார்ன்கூட அடிக்காமல் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். ஒன்பதாம் நாள் அந்த வாசல் நிறையச் செருப்புகள். பெவின் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான்.

"பூன மாதிரி போனேனே, பாவிப்பய நான்!" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார். அதை ஆற்ற யாராலும் முடியவில்லை.

கடைசி நிறுத்தம் பிரையண்ட் நகர் எட்டாம் தெரு. பிளஸ் டூ இந்துமதியின் வீடு. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வாரம்தான் கொரோனா கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாடு. மகளுக்கு முகம்கூடக் காட்டவில்லை. அன்றைக்குச் சாத்திய ஜன்னல்.

இன்றும் ஹார்ன் அடித்தார். அம்மா சண்முகவடிவுதான் கூடையோடு வந்தாள்.

"பிள்ள ஒறங்குது அண்ணாச்சி."

அதே வார்த்தை. சுடலைக்கண்ணன் தராசைக் கீழே வைத்தார்.

"நெசத்தச் சொல்லும்மா."

கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள். "ஒத்த வார்த்த பேச மாட்டேங்கா. தட்டுல வச்சது வச்சபடி கெடக்கு. நாலு நாளாச்சி."

வேன் மறைவுக்குப் போய்ப் பள்ளிக்கூட டீச்சருக்குப் போன் போட்டார். மனநல டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு வருவதாக டீச்சர் சொன்னார்.

"நாலு மணிக்கு வாராவளாம். அதுவர நீ உள்ள போயி அவ கிட்டயே இரி. கதவப் பூட்ட விடாத" என்றார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏளா இந்து! பேசாண்டாம். மூஞ்சிய மட்டும் காட்டு."

ஜன்னல் அசையவில்லை. தெருமுனையிலிருந்து போலீஸ்காரர் விசிலடித்தார். "அண்ணாச்சி, பன்னெண்டாயிட்டு, விக்கிற நேரம் முடிஞ்சிட்டு! வண்டிய எடும்!"

சுடலைக்கண்ணன் மறுபடி ஹார்ன் அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அப்புறம் முன் சீட்டிலிருந்த வெங்காய மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார். அது இந்துமதி உட்காருகிற இடம். தோள் துண்டால் சீட்டைத் துடைத்தார். கதவைத் திறந்தே வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி வேன் படியில் உட்கார்ந்தார்.