தம்ளருக்குள் ஒரு கொலைகாரன்

ராஜா காலத்துக் கொலைக் கதைகள் எழுதுகிறவள் நான். முதல் அத்தியாயத்தில் அரண்மனையில் யாராவது செத்துக் கிடப்பார்; கடைசி அத்தியாயத்தில்தான் கொன்றவர் அகப்படுவார். வாசகர்களை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. என் வீட்டுக்காரரை ஏமாற்றுவதுதான் பெரும்பாடு.

அவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் எங்கள் அரியலூர் வீட்டுச் சமையலறையில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். செட்டிகுளத்தில் அவர் தம்பிக்கு வெங்காய வயல் இருக்கிறது, அதனால் எங்களுக்கு அதற்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு எழுதியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். கதையில் புதிதாக ஒரு ஆள் வந்தால், ஒரு வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைப்பார். ராஜாவுக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று. யார் மேல் சந்தேகமோ அந்த வெங்காயத்தின் மேல் தம்ளரைக் கவிழ்ப்பார். அதுதான் சிறை.

"இவன்தான்டி. இன்னும் என்னாத்துக்கு இழுக்குற?" என்பார்.

பாதியிலேயே சரியாகப் பிடித்துவிட்டாரென்றால் போச்சு, மறுநாளே கொலைகாரனை மாற்றிவிடுவேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. பதிப்பாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "எந்த அளவுக்குப் புரியுதுன்னு போகப் போகத்தாம்மா தெரியும்" என்றார் டாக்டர். சிறுவாச்சூர்க் காளியிடம் அழுதுவிட்டு வந்தேன். ஊட்டினால் சாப்பிடுவார், மற்ற நேரமெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏங்க, நான் யாருங்க?" என்று கேட்டால் ஒரு அசைவும் இருக்காது.

என்னோடு மல்லுக்கட்டிய அந்த மனுஷர் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளப் பயந்துதான் பாதியில் நின்ற நாவலை நான் தொடவேயில்லை. நான் வாசித்து, அவர் ஜன்னலைப் பார்த்தால் என்ன செய்வேன்?

மகள்தான் திட்டினாள். "எவ்ளோ நாளைக்கும்மா இப்படியே வூட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்ப? படிச்சுத்தான் காட்டேன்."

எழுதினேன். அவர் தோற்றுவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே லேசாக எழுதினேன். இளவரசர் விஷத்தில் சாகிறார். அரண்மனைக் கணக்கருக்குக் கை நடுங்குகிறது, வியர்த்து ஊற்றுகிறது, விஷக் குப்பியை வேறு மடியில் ஒளிக்கிறார். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

அவரைச் சமையலறையில் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தேன். வெங்காயங்களை நானே வரிசையாக வைத்தேன். "இது வைத்தியர், இது சின்ன ராணி, இது கணக்கர்" என்று ஒவ்வொன்றாகக் காட்டி வாசித்து முடித்தேன். தம்ளரை அவர் இடது கைப் பக்கம் வைத்தேன். கணக்கர், கணக்கர் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அவர் கை மெல்ல நகர்ந்தது. கணக்கர் வெங்காயத்தை எடுத்தார். எடுத்து, முறத்துக்குள் திரும்பப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், அவர் உள்ளே இல்லை என்று நினைத்தேன்.

அவர் கை முறத்துக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே பெரிய வெங்காயமாக ஒன்றைப் பொறுக்கினார். அதைக் கொண்டுவந்து என் முழங்காலை ஒட்டி வைத்தார். அதன் மேல் தம்ளரைக் கவிழ்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஏமாற்றினதற்கு என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்!

"இவ்ளோ கொழுப்பு ஆகாதுங்க உங்களுக்கு" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அப்படியே அவர் மடியில் விழுந்து அழுதேன். அந்த இடது கை என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கணக்கரை விடுதலை செய்தேன். இப்போது கொலைகாரர் வேறொருவர். லேசில் அகப்படுகிற ஆளில்லை.